பரந்தாமன் திருப்பி அனுப்பிய கிரகம்

கிரக ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் பரந்தாமன். அவர் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய கிரகம், 1971 ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, திருத்தணியில் அவர் வீட்டுத் தோட்டத்துத் துணிக்கொடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பறங்கிக்காய் அளவுதான். தரையிலும் படவில்லை, மேலேயும் போகவில்லை. "இன்னாங்க இது, தொட்டா வெதுவெதுன்னு கீது?" என்றாள் மனைவி கோமளவல்லி. பரந்தாமனுக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நடுவே ஓடிய செம்மண் நிற வரி வரைக்கும் கட்டுரையில் எழுதியிருந்தபடியே இருந்தது.

கட்டுரையை எழுதியவர் அவருடைய அக்கா காஞ்சனாவின் கணவர் கண்ணையன், பொதட்டூர்பேட்டையில் விஞ்ஞான வாத்தியார். தறிச் சத்தத்துக்கு மேலே மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்துக் கண்டுபிடித்த கிரகம் அது. அக்கா புருஷன், பாவா முறை என்று சலுகை காட்டாமல் பரந்தாமன் முறைப்படி இரண்டு பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டார். ஒருவர் போடலாம் என்றார்; மற்றவர் அப்படியொன்று வானத்தில் இல்லவே இல்லை என்றார். இப்படி இழுபறி வந்தால் பரந்தாமன் மலையேறி முருகன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்ப்பார். வெள்ளை வந்தால் அச்சு, சிவப்பு வந்தால் இல்லை. இதழின் தரம் அப்படித்தான் காப்பாற்றப்பட்டு வந்தது. சிவப்பு வந்தது. கட்டுரை திரும்பிய பிறகு கண்ணையனுக்கும் வானத்தில் கிரகம் அகப்படவில்லை. தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டதென்று நொந்து தொலைநோக்கியைப் பரணில் போட்டார். அக்கா தம்பி வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

பரந்தாமன் துணிக்கொடியடியில் நின்று கணக்குப் போட்டார். கட்டுரையை அச்சிட்டால் கிரகம் வானத்துக்குத் திரும்பிவிடும், ஆனால் முருகன் வாக்கை மீறியதாகும். அச்சிடாவிட்டால் இது இங்கேயே நிற்கும். பாவாவிடம் சொல்லவோ முகமில்லை. இல்லையென்று எழுதிய பேராசிரியரை வரவழைத்துக் காட்டினார். அவர் கிரகத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு, காபி குடித்து, ஊர் போய்ச் சேர்ந்து, வானத்தில் இல்லை என்றே மறுபடியும் எழுதினார். அதிலும் பொய்யில்லை, அது தோட்டத்தில் அல்லவா இருந்தது. இப்படியே சில வருஷங்கள் போயின. கோமளவல்லி அதனடியில் இட்லி மாவைப் புளிக்கவைக்கப் பழகினாள். அக்கா வராத தீபாவளிகள்தான் பரந்தாமனுக்குத் தாங்கவில்லை. வெட்கத்தை விட்டுப் பஸ் ஏறிப் போய் இருவரையும் அழைத்து வந்தார்.

கண்ணையன் கிரகத்தைச் சுற்றி வந்தார், உள்ளங்கையை அதன்மேல் வைத்தார், வாய்விட்டு அழுதார்.

"அடுத்த இதழ்லயே போட்டுர்றேன் பாவா. வானத்துக்குப் போயிடும்," என்றார் பரந்தாமன்.

"வேணாம் மச்சான். பூ சரியாத்தான் சொல்லிக்கீது. அச்சுல போடாதன்னுதானே சொல்லிச்சு, கிரகமே இல்லன்னா சொல்லிச்சு? என் கண்ணுல கோளாறு இல்ல, அது போதும்."

பரந்தாமனுக்கு அது இன்றுவரை முழுதாகப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணையன் காஞ்சனாவோடு வந்து கிரகத்துக்குத் தூசி துடைத்துவிட்டுப் போவார். ஐப்பசி மழையில் ஊரெல்லாம் துணி காயாமல் கிடந்தபோது, அந்த வீட்டில் மட்டும் காய்ந்தது.