பெயர் நீக்கப் படிவம்

நியேவெஸ் டிக்கோனாவின் பெயரை ஆகஸ்ட் மாதம் பள்ளிப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். யாரும் அவள்மேல் கோபப்பட்டுச் செய்த காரியமல்ல அது. பிப்ரவரியில் அம்மா இறந்தபிறகும் அவள் பள்ளிக்கு வரத்தான் செய்தாள். வாரத்துக்கு மூன்று நாள் என்பது இரண்டாகி, ஜூன் முடிவதற்குள் ஒன்றுமில்லாமல் போயிற்று. இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு பெரு நாட்டின் ஹுலியாக்கா நகரில் சித்தி வீட்டோடு வந்துவிட்டாள். சந்தையில் சித்தியின் கடையில் உட்கார்ந்து கம்பளிக் காலுறை விற்றாள். வராத நாட்கள் ஓர் அளவைத் தாண்டினால் மாணவி இல்லை. விதி அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பள்ளியில் அவளோடு படித்த வில்பர் அபாசா ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். உருளைக்கிழங்கு வயலில் உறைபனி விழுவதற்கு முன்பே ஊளையிட்டு எழுப்பிவிடும் கருவியை இருவரும் சேர்ந்துதான் செய்திருந்தார்கள். ஜூனில் மாவட்டக் கண்காட்சியில் அதற்கு முதலிடம். அடுத்தது மண்டலப் போட்டி. அதில் ஜெயித்தால் தலைநகர் லிமா.

"ரெண்டு கையெழுத்து வேணும்" என்றான் வில்பர். "நீ விலகிக்கறேன்னு ஒண்ணு. மொத்த வேலையும் நானே செஞ்சேன்னு என்னோடது ஒண்ணு."

"குடு, போடறேன்."

"முதல்ல படிச்சுப் பாருடி."

"படிச்சா என் பேரு திரும்பி வந்துருமா? காலுறை வாங்க ஆள் நிக்குது, தள்ளு."

அவன் தள்ளவில்லை. "பொய்யில கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"வேற என்ன பண்ணலாம், சொல்லு. எனக்குப் பதிலா ஆள் சேர்க்கக்கூடாது. பள்ளிக்கூடத்துல பேர் இல்லாதவ மேடை ஏறக்கூடாது. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா பனி பயந்து ஓடிருமா? ஒருத்தனாவது போய்த் தொலை."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு ஜோடி சாம்பல்நிறக் காலுறையின் விலையைச் சொல்லத் திரும்பிக்கொண்டாள். அவன் போன பிறகு, காலுறை வாங்கிய அம்மாளுக்கு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள்.

இன்னொரு விதியும் இருந்தது. ஆய்வுக் குறிப்பேடு போட்டியாளரின் சொந்தக் கையெழுத்தில் இருக்கவேண்டும். கருவியின் மின்சுற்றுப் பலகையில் பாகங்களைப் பற்றவைத்ததும் அதற்குக் கணினி நிரல் எழுதியதும் வில்பர். ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை விடியற்காலையில் வயலில் இறங்கி, இலைக்குப் பக்கத்தில் வெப்பமானியை வைத்து அளந்து எழுதியவள் நியேவெஸ். நோட்டு முழுக்க அவளுடைய சாய்ந்த எழுத்து. வழிகாட்டி ஆசிரியர் எர்மோஹெனெஸ் கிசுகிசுப்பாகவே சொன்னாராம்: "புது நோட்டுல உன் கையால எழுதிடு, வேலை முடிஞ்சது." ஒரு வாரம் உட்கார்ந்து அதையும் எழுதி முடித்தான்.

போட்டி நாளன்று நியேவெஸ் சித்தியிடம் இரண்டு மணி நேரம் கேட்டாள்.

"போயிட்டு வா. நேரத்துக்கு வரலேன்னா உன் தம்பிங்களை எடை போட்டு வித்துருவேன்" என்றாள் சித்தி, தலையை நிமிர்த்தாமல்.

விளையாட்டரங்கில் மேசைகளுக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது. நியேவெஸ் பார்வையாளர் பக்கம் நின்றாள். வில்பருக்குத் தைத்துப் போட்ட புதுச்சட்டை, கழுத்தில் அட்டை. நடுவர் டெல்ஃபினா லாரிக்கோ, பொறியாளர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கருவியைச் சுற்றி வந்தார்.

"பூஜ்யம் டிகிரியிலதானே உறையும்? நீ மூணுலயே சத்தம் போட வெச்சிருக்கியே?"

"காத்தைவிட இலைகிட்ட குளிர் ஜாஸ்திங்க. பூஜ்யம் வர்ற வரைக்கும் காத்திருந்தா, பனி இறங்காம வயல்ல புகை மூட்ட நேரம் இருக்காது."

நியேவெஸின் உதடுகளும் கூடவே அசைந்தன. சரியாகச் சொல்லிவிட்டான். நடுவர் குறிப்பேட்டைப் புரட்டத் தொடங்கினார். புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஒரு விடியல்கூட விடாம எழுதியிருக்கே. பிப்ரவரி பதினொண்ணுலருந்து பதினேழு வரைக்கும் மட்டும் ஒண்ணுமில்லை. உடம்புக்கு முடியலையா?"

பதிலையும் அவரே கையில் கொடுத்துவிட்டார். 'ஆமான்னு சொல்லு' என்று நியேவெஸ் மனதுக்குள் கத்தினாள். வில்பர் அந்த வெற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லைங்க" என்றான். "அந்த வாரம்தான் அவ அம்மா இறந்துட்டாங்க."

"யாரோட அம்மா?"

எர்மோஹெனெஸ் சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வில்பர் எல்லாவற்றையும் சொன்னான், சுருக்கமாக, ஒரு சாக்குப்போக்கும் இல்லாமல். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் வந்து மேசையிலிருந்து எண் அட்டையைக் கழற்றிக்கொண்டு போனார். தவறான உறுதிமொழி, போட்டியில் இல்லை.

நியேவெஸ் கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே போனாள். "லூசாடா நீ? தலையை ஆட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"ஆடலை."

"என்ன ஆடலை?"

"தலை ஆடலை. நான் என்ன பண்ணட்டும்?"

அவளுக்கு அவனை அறையவேண்டும்போல் இருந்தது. அறைய ஓங்கிய கையால் அவன் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஏழு நாட்களைப் பற்றி இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

டெல்ஃபினா லாரிக்கோ திரும்பி வந்தார். "விதியை நான் எழுதலை. ஆனா வளைக்கவும் மாட்டேன். அந்த வரிசையில நிக்கற புள்ளைங்களும் கஷ்டப்பட்டுத்தான் வந்திருக்கு" என்று வில்பரிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார். "அந்த வாரம் பனி விழுந்துச்சாம்மா?"

"பதிமூணாம் தேதி விழுந்துச்சுங்க. அம்மாவைப் புதைச்சுட்டு வந்து பார்க்கறப்போ செடியெல்லாம் கருகிக் கெடந்துச்சு."

"எத்தனை டிகிரின்னு ஒரு உத்தேசமா எழுதியிருக்கலாமே?"

"எப்படிங்க எழுதறது? அளக்கலையே."

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதிப்பெண் போட வேண்டிய வேலை இனி இல்லை. ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வயலைப் பற்றியும் இலையைப் பற்றியும் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைக்குத் திரும்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சித்தி சூப் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

லிமாவுக்கு வேறு பள்ளி போயிற்று. பதிவேட்டில் பெயர் போனாலும் செய்தவரின் பெயர் செய்த வேலையில் இருக்கவேண்டும் என்று நடுவர் போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பரிசீலிக்கிறோம் என்று டிசம்பரில் ஒரு வரி வந்தது. ஆண்டு முடியும்வரை எர்மோஹெனெஸ் சார் வில்பரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச்சில் நியேவெஸ், வேலைக்குப் போகிறவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சேரப் போனாள். சேர்க்கைப் படிவத்தில் 'படிப்பை நிறுத்திய காரணம்' என்ற இடத்தைக் காட்டி எழுத்தர் சொன்னார்: "குடும்பச் சூழல்னு போட்டுரும்மா. எல்லாரும் அதைத்தான் போடுவாங்க."

அவள் பேனாவை வாங்கி, அம்மாவின் பெயரையும் இறந்த தேதியையும் எழுதினாள்.