பிரேக்கம்மாவின் மைதானம்

"கண்ணாடியப் பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்தேன் மேடம். தலை நல்லாத்தான் இருந்துச்சு."

தேர்வு மைதானத்தின் ஓரத்தில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். காருக்குள், தேர்வுக்கு வந்த இளைஞன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டார். அந்த இளைஞன் பின்னால் பார்க்காமலேயே காரைப் பின்னோக்கி எடுத்து, எல்லைக்கு நட்டிருந்த கம்பைச் சாய்த்திருந்தான். மேட்டில் நிறுத்தச் சொன்னபோது வண்டி அவன் பேச்சைக் கேட்காமல் கீழே உருண்டது.

"நல்லாக் கத்துக்கிட்டு வாங்க. உங்களுக்காக நான் காத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிப்பதுதான் அவர் வேலை. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் சோதனை என்பது பேருக்குத்தான். ஓட்டுநர் பள்ளிக்காரர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆள் காரில் ஏறி உட்கார்ந்து இறங்கினாலே தேர்ச்சி. இந்த அம்மாவோ மேடு, வளைவு, திடீர் நிறுத்தம் என்று ஒவ்வொன்றையும் பார்த்தார். அதிலும் பிரேக்கைத்தான் முதலில் பார்த்தார். அதனால் 'பிரேக்கம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது.

அன்று தோற்றுப்போனவனை அழைத்து வந்தவர், ஊரிலேயே பெரிய ஓட்டுநர் பள்ளியை நடத்தும் மீசைக்காரர். பள்ளிக்காரர்களின் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மீசையை நீவியபடி விறுவிறுவென்று வந்தார்.

"என்ன மேடம், பையன் ரோட்டுல ஓட்டிப் பழகிக்குவான். நீங்க பாட்டுக்கு எல்லாரையும் திருப்பி அனுப்பினா, எங்க பொழப்பு என்னாகுறது?"

"ரோட்டுல பழகினா, குறுக்க வர்றவங்க கதி என்ன சார்?"

"அப்படியா? நாளையிலருந்து எங்க பள்ளி வண்டி ஒண்ணும் இங்க வராது. ஈ ஓட்டிக்கிட்டு உட்காருங்க. புகாரும் மேல போகும். மூட்டை முடிச்சைக் கட்டி வைங்க!"

சொன்னபடியே செய்தார். மறுநாள் மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. பெரிய அதிகாரி பிரேக்கம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேம்மா. நீங்க வேணும்னே ஆளுங்களத் தோக்கடிக்கிறதா புகார் வந்திருக்கு. இப்படியே போனா உங்களை வேற ஊருக்கு மாத்தறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் அப்போதுதான் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை திறந்திருந்தார். மாற்றல் வந்தால் அவர் ஒரு ஊர், இவர் ஒரு ஊர். மகள் யாருடன் இருப்பாள்?

"என்னங்க, நான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்கிறேனோ?" என்று கேட்டார்.

"முயலை விடு. நாளைக்கு நம்ம பொண்ணு ரோட்டைக் கடக்கும்போது, நீ சரியாப் பார்க்காம பாஸ் போட்ட ஆளு வண்டியில வர்றான்னு வச்சுக்கோ. நீ நிம்மதியா இருப்பியா?"

பிரேக்கம்மா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து ஜன்னலோரம் நின்று கண்களை மூடினார். 'கடவுளே, எனக்குப் பயமா இருக்கு. ஆனா கண்ணால பார்க்காததைப் பார்த்தேன்னு எழுத என்னால முடியாது. சரியானதைச் செய்யிறது என் வேலை. மிச்சத்தை நீ பார்த்துக்கோ.' கண்ணைத் திறந்தபோது நிலைமை எதுவும் மாறியிருக்கவில்லை. ஆனால் மனசு லேசாகியிருந்தது. பசி எடுத்தது. திரும்பப் போய் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

அந்த வாரமே மைதானத்துக்குள் ஒரு பழைய கார் தயங்கித் தயங்கி நுழைந்தது. ஓட்டி வந்தவர் ஒரு தையல்காரப் பெண். பக்கத்தில் அவருடைய அண்ணன், உயிரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் முன்பு பலமுறை பிரேக்கம்மாவிடம் தோற்றுப் போனவர்.

"மேடம், பள்ளி மூலமா வராம நேரா வரலாமா?"

"தாராளமா வரலாம். யாரு வேணும்னாலும் வரலாம்."

இந்த முறை வண்டி மேட்டில் நின்றது. இம்மியும் பின்னால் உருளவில்லை. வளைவில் ஒரு கம்பும் அசையவில்லை. "பாஸ்!" என்றதும் அந்தப் பெண் ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுத்தார். அண்ணன் இறங்கித் தரையில் உட்கார்ந்து, "இனிமே நான் பின் சீட்டுல தூங்கிக்கிட்டே போவேன்!" என்று கைதட்டினார்.

துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பெண் கதை சொல்லாமல் விடுவாரா? "யார் சிபாரிசும் வேண்டாம்க்கா. நல்லா ஓட்டினா பாஸ். சரியா ஓட்டலேன்னா, எங்க தப்புன்னு பொறுமையா சொல்லித் தர்றாங்க." செவிலியர், பூக்கடைக்காரர், பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் என்று ஒவ்வொருவராக நேராக வரத் தொடங்கினார்கள். வெறிச்சோடிய மைதானம் திருவிழாக் களை கட்டியது.

புகாரை விசாரிக்கப் பெரிய அதிகாரி வந்தபோது, உள்ளே நுழையவே வழியில்லை. சற்றுமுன் தோற்றுவிட்டு வெளியே வந்த தலைமை ஆசிரியரிடம், "இந்த அம்மா வேணும்னே தோக்கடிக்கிறாங்களாமே?" என்று கேட்டார்.

"சேச்சே! நான்தான் பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சேன். நானா இருந்தா பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிருப்பேன்," என்றார் அவர்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது பிரேக்கம்மாவிடம், "மாற்றல் பேச்சை விடுங்க. நீங்க இங்கயே இருங்கம்மா," என்றார்.

சில நாட்கள் கழித்து மீசைக்காரரே வந்தார், கூடவே அவருடைய மகளும். மீசையை நீவ அவர் கை எழவில்லை.

"மேடம், வேற அலுவலகத்துல சொல்லி லைசென்ஸ் வாங்கித் தர்றேன்னேன். கேட்க மாட்டேங்குறா. பிரேக்கம்மா பாஸ் போட்டாத்தான் வண்டியத் தொடுவேன்கிறா. யோசிச்சுப் பார்த்தேன். ஊரான் புள்ளைன்னா ஒரு வார்த்தை போதும்னு நினைச்சேன். என் புள்ளைன்னதும் எனக்கே பயமா இருக்கு. நீங்களே பாருங்க."

மகள் முதல் தடவை தோற்றாள். மீசைக்காரர் கோபப்படவில்லை, தானே உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொடுத்து மறுபடி அழைத்து வந்தார். அன்று அவள் ஜெயித்தபோது, மைதானமே அதிரக் கைதட்டியவர் அவர்தான்.

"ஒரு சந்தேகம் மேடம். நாங்க எல்லாரும் ஒண்ணா எதிர்த்து நின்னோமே, உங்க பக்கம் ஆளே இல்லியே, எந்தத் தைரியத்துல நின்னீங்க?"

"ஆள் இல்லேன்னு யார் சொன்னா? கடவுள் இருந்தாரே! நல்லது செய்யப் போனா எதிர்ப்பு வரத்தான் செய்யும் சார். அதுக்காக வழிய மாத்திக்கிட்டா, அவரை நம்புறோம்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல. சரியானதை விடாம செய்யணும். மத்ததை அவர் பார்த்துக்குவார்."

மீசைக்காரர் தலையாட்டினார். அதற்குள் காருக்குள்ளிருந்து ஹாரன் அலறியது.

"அப்பா, ஏறுங்க! முதல்ல பெல்ட்டைப் போடுங்க. இல்லேன்னா வண்டி நகராது!"

"ஐயையோ, இன்னொரு பிரேக்கம்மா!" என்று சிரித்தபடியே ஓடிப்போய் ஏறி, மறுபேச்சில்லாமல் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார் மீசைக்காரர்.