கூப்பிடு தூரம்

பள்ளத்தாக்கை மூடுபனி நிரப்பிவிட்டால் காந்தாவுக்கு அது வெண்பனி பெய்த வேறு தேசமாகத் தெரியும். கண்ணமங்கலத்திலிருந்து சீரோடு சீராகக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு நாவல்களில் ஊர்கள் இப்படித்தான் வெள்ளையாகக் கிடக்கும். எதிர்ச் சரிவிலிருந்து பள்ளிக்கூட மணி பனிக்குள் மிதந்து வரும். அந்த மணிக்கு மகள் செல்லியம்மாள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்குவாள்.

அன்று பனிக்குள்ளிருந்து ஒரு குடை வந்தது. குடைக்கடியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆதிநாராயணன். நாவல்களில் அதிகாரி வந்தால் யாரையாவது தூரதேசத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காந்தா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"புள்ளைய ஏம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல?"

"வூட்லயே சொல்லித் தர்றேங்க."

"சட்டம் அதுக்கும் எடம் குடுக்குது. ஆனா ஒரு மைலுக்குள்ள பள்ளிக்கூடம் இருந்தா அனுப்பியே ஆவணும். எவ்ளோ தூரம் இருக்கும்?"

அவள் வாய் திறப்பதற்குள் கணவன் சின்னராசு முந்திக்கொண்டான். "தோ, கூப்பிடு தூரந்தாங்க."

மலையில் பிறந்தவன். தூரத்தைக் குரலால்தான் அளப்பான்.

"அப்போ நாளைலேர்ந்து அனுப்பிடுங்க."

காந்தா பனி மூடிய பள்ளத்தைப் பார்த்தாள். நடுவில் ஓடை இருக்கிறது. போன மழைக்கு ஓர் ஆட்டையே இழுத்துக்கொண்டு போன ஓடை.

"இன்னிக்கே சேத்துடலாங்க. நீங்களும் வாங்க," என்றாள். "கூப்பிடு தூரந்தானே."

சின்னராசுவை வீட்டில் விட்டுவிட்டு மூவரும் இறங்கினார்கள். பாதை வளைந்து வளைந்து, கனவில் நடப்பதுபோல் முடியாமலே இறங்கியது. மரங்கள் பனியிலிருந்து வந்து பனிக்குள் போயின.

"இன்னும் எவ்ளோம்மா?"

"அதான் கேக்குதே சார்."

தலைக்கு மேலே எங்கோ பிள்ளைகள் ஏழாம் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கீழே ஓடை, தாண்டுகிற கற்களை மூழ்கடித்து ஓடியது. இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார்.

செல்லியம்மாள் தண்ணீரைப் பார்த்தபடி அக்கரைக் குரல்களோடு சேர்ந்து சொன்னாள். அங்கே குரல்கள் தடுமாறி நின்றன. அவள் நிற்கவில்லை, கடைசிவரை தனியாகச் சொல்லி முடித்தாள்.

இன்ஸ்பெக்டர் கணுக்காலைத் தடவிக்கொண்டார். "நடந்தா இது மைலுக்குள்ள அடங்காது. வூட்லயே படிக்கட்டும். தை மாசம் வந்து பாப்பேன், படிக்குதான்னு."

அப்போது பனிக்குள்ளிருந்து, காதருகே பேசுவதுபோல் சின்னராசுவின் குரல் இறங்கியது.

"இன்னா காந்தா, சேத்துட்டியா?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஆளும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை.

"இனிமே தூரத்த உன் வூட்டுக்காரர்கிட்ட யாரும் கேக்கக்கூடாதும்மா," என்றார்.