தம்ளரின் அடியில் மிச்சம்

பெயிண்டருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். பிறவியிலேயே வந்த இரத்தக் கோளாறு. ஏறுகிற இரத்தத்தோடு இரும்பும் வந்துவிடும். வந்தது தானாகப் போகாது, ஈரலில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். பிறகு இதயத்தை நோட்டம் விடும். அதை விரட்டத்தான் தினமும் வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மாத்திரை. ஒரு வருஷமாகக் குடிக்கிறார். இரும்பு ஏறிக்கொண்டே இருக்கிறது.

"எங்கயோ கொட்டிடுறீங்க," என்பது மனைவியின் ஒரு வருஷத்துத் தீர்ப்பு.

"உன் தலைமேல சத்தியமா குடிக்கிறேன்டி."

"என் தலையை விடுங்க."

இன்று இதயத்தை ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவு வரவில்லை. பெயிண்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோராவது நடை நடந்தார். சுவரைச் சுரண்டிப் பார்த்து, "ப்ரைமரே அடிக்கல, திருட்டுப் பசங்க," என்றார்.

"இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இன்னும் இல்ல சிஸ்டர்."

"எப்படிக் குடிக்கிறீங்க, காட்டுங்க."

கரைத்தார், கலக்கினார், ஒரே மடக்கு. தம்ளரை வீராப்பாக வைத்தார். நர்ஸ் அதைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வெள்ளையாகக் கெட்டியாக ஒட்டியிருந்தது.

"இது யாருக்கு?"

"வண்டல்தானே?"

"மருந்துங்க! தண்ணி ஊத்தி அலசி, அதையும் குடிக்கணும்."

பெயிண்ட் டப்பாவை அலசி, அந்தத் தண்ணீரில் கதவின் பின்பக்கத்தையே முடித்துவிடுகிற மனுஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மனைவி சிரிக்கப்போகிறாள் என்று திரும்பினார். அவள் சிரிக்கவில்லை.

"தெனமும் கழுவிக் கொட்டினது நான்தான்," என்றாள் மெதுவாக. "மாவு மாதிரி ஒட்டியிருக்கேன்னு நாரு போட்டுத் தேய்ச்சேன்."

ஒரு வருஷத்துப் பதில்கள் அவர் நாக்கில் வரிசைகட்டி நின்றன. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் எல்லாம் கலைந்துபோயின.

"பளிச்சுனுதான் கழுவியிருக்க," என்றார்.

"வாயை மூடுங்க."

டாக்டர் காகிதத்தோடு வந்தார். "இதயத்துல இன்னும் சேரல. ஈரல்லதான் ஜாஸ்தி. இனிமே சொட்டு விடாம குடிச்சா இறக்கிடலாம். மூணு மாசத்துல பார்ப்போம்."

மூன்று மாசம்! பெயிண்டரின் கால் மறுபடி வராந்தாவைப் பார்த்தது. மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, சுழற்றி, குடித்துவிட்டு நீட்டினார்.

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஓரத்துல இன்னும் இருக்கு," என்று மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.