மாட்டு வண்டியின் பின்னால்

பஸ்ஸின் விளக்குக்கும் லாரியின் விளக்குக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது. இரண்டு வண்டிகளும் நின்றுவிட்டன. கீழே பாறைகளுக்கிடையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறையூரிலிருந்து இறங்கும் அந்த வளைவில் லாரி சாலையின் இடப்பக்கம் வந்திருக்க வேண்டும். அது வலப்பக்கம் நின்றது. ஓட்டி வந்த நூஹுவுக்கு வண்டி நின்ற பிறகுதான் அது தெரிந்தது.

பஸ் டிரைவர் ஏசுரத்தினம் இறங்கி வந்து லாரியின் கதவைத் திறந்தார்.

"இறங்கும் வே. வாயை ஊதும்."

நூஹு இறங்கி ஊதினான். விடியற்காலையில் மூணாற்றில் குடித்த டீயின் வாசனைதான் இருந்தது.

"குடிக்கலை. கண்ணைப் பாத்தா தூங்குன மாதிரியும் இல்ல. பின்ன என்னத்துக்கு என் பக்கத்துல வாரீரு?"

பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருவன் சொன்னான்: "அண்ணாச்சி, லாரிக்காரரு இந்த ரோட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கியிருப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சைகோன்ல வண்டி ஓட்டுனவன்" என்றான் நூஹு. "அங்க எல்லா வண்டியும் வலது பக்கம் போகும்."

"எப்ப வந்தீரு அங்கேருந்து?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"ரெண்டு வருஷமாச்சு, இன்னும் வந்து சேரலையா?"

ஏசுரத்தினத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கேளும். நான் தினமும் இந்த நேரத்துக்கு இந்த வளைவுல வாரவன். உள்ள முப்பது பேரு இருக்காங்க. உம்ம முதலாளிகிட்ட நீரே சொல்லிரும். அடுத்த வியாழக்கிழமையும் நீருதான் ஓட்டி வாரீருன்னா, செக்போஸ்ட்டுல நான் சொல்லிருவேன். அப்புறம் உமக்கு லைசென்ஸ் இருக்காது."

மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி. நூஹு லாரியைப் பின்னால் எடுத்து ஒதுக்கினான். பஸ் போய்விட்டது. அவன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். இந்த மாதத்தில் இது இரண்டாவது முறை. முதல் முறை எதிரே யாரும் வரவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

சைகோனில் பன்னிரண்டு வருஷம் ஒரு துணிக்கடையின் வேனை ஓட்டினான். அந்த ஊர் வண்டிகளில் டிரைவரின் இடம் இடப்பக்கம். அவனுக்கு வலப்பக்கம், கடைசி மூன்று வருஷங்கள், ஹவ்வா உட்கார்ந்து வந்தாள். அவன் மகள். தாய் அந்த ஊர்க்காரி. அந்த நாட்டில் யுத்தம் பெரிதாகி, முதலாளி கடையை மூடிக் கப்பலேறியபோது, ஆறு மாதத்தில் திரும்பி வருவதாகத் தாயிடமும் மகளிடமும் சொல்லிவிட்டு நூஹுவும் ஏறினான். எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. பாலக்காட்டில் அக்கா வீட்டில் தங்கினான். மச்சான் மொய்தீனின் காய்கறிக் கடைக்கு லாரி ஓட்டினான். ஹவ்வாவைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட நாள் கூடக் கூட, சொல்வதும் கடினமாயிற்று.

கடைவீதியில் அவன் ஒருநாளும் பக்கம் தவறியதில்லை. முன்னால் ஒரு வண்டி போனாலோ, எதிரே ஒரு சைக்கிள் வந்தாலோ, கை தானாக இடப்பக்கம் போய்விடும். சாலை வெறுமையாகும்போதுதான் ஹவ்வா வருவாள். அவளைப் பார்க்க வலப்பக்கம் திரும்புவான். இந்த லாரியில் அங்கே கதவுதான் இருக்கிறது. கண் போன பக்கம் கை போகும், கை போன பக்கம் லாரியும் போகும். வாரம் ஒரு தடவை, யாருமில்லாத இந்த மலைச்சாலையில்தான் அவன் அவளோடு இருந்தான். அதற்காகவே வியாழக்கிழமைக்குக் காத்திருப்பான்.

செக்போஸ்ட் தாண்டியதும் லாரியை ஓரம் கட்டினான். முன்னால் ஏதாவது ஒரு வண்டி போனால் அதன் பின்னால் போகலாம். வெகுநேரம் எதுவும் வரவில்லை. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகள் வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தன. கடைசியில் வெல்லம் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி வந்தது. அது முன்னால் போகட்டும் என்று விட்டு, லாரியை முதல் கியரில் போட்டு அதன் பின்னால் நகர்த்தினான்.

ஒரு பர்லாங் போனதும் வண்டிக்காரன் மாடுகளை ஓரமாக ஒதுக்கி, போகச் சொல்லிக் கை காட்டினான். லாரி நின்றது. வண்டி நகர்ந்தது. லாரியும் நகர்ந்தது. வண்டிக்காரன் இறங்கி வந்தான்.

"ஏனுங்க, வழி உட்டேனல்லங்க? தாண்டிப் போறதுதானுங்களே?"

"நீங்க போங்க. நான் பின்னாலயே வரேன்."

"பொண்ணுப் பாக்க வர்றவிய மாதிரி பின்னாலயே வர்றீங்க. எஞ்சின்ல கோளாறுங்களா?"

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

"பொறகு?"

"தனியா ஓட்ட ஒரு மாதிரியா இருக்கு."

வண்டிக்காரன் லாரியைப் பார்த்தான், பிறகு நூஹுவின் முகத்தைப் பார்த்தான். "நஞ்சப்பன் மாட்டுக்குப் பின்னால லாரி வந்துச்சுன்னு சொன்னா ஊருல ஒருத்தனும் நம்ப மாட்டான். சரி, வாங்க" என்று போய் ஏறிக்கொண்டான்.

இரண்டு மணி நேரம் அப்படியே போனார்கள். மாடுகளின் வால்களையும், வண்டியின் அடியில் ஆடிய வாளியையும் பார்த்துக்கொண்டு நூஹு ஓட்டினான். ரேடியேட்டர் கொதித்தபோது நஞ்சப்பன் அந்த வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். கல்லாபுரம் பிரிவில் வண்டி திரும்பியது. "இனி ரோடு நேருங்க, பயமில்லை" என்று நஞ்சப்பன் கையைத் தூக்கிக் காட்டினான்.

சாலை நேராகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் புளியமரங்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு ஆள் இல்லை. இந்த இரண்டு மணி நேரத்தில் ஹவ்வா ஒரு தடவையும் வரவில்லை என்பது அப்போதுதான் நூஹுவுக்கு உறைத்தது. அவனும் அவளை நினைக்கவில்லை. இப்படியே பழகிவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லாமல் ஓட்டலாம். அந்த நினைப்பு அவனுக்கு அந்த வளைவைவிடப் பயமாக இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, புளியமரத்தடியில் உட்கார்ந்தான். மரம் ஏற்றிய ஒரு லாரி வரும்வரை அங்கேயே இருந்தான்.

பாலக்காடு போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். முட்டைக்கோஸ் வாங்க வந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

"என்ன மச்சான், யானை வழி மறிச்சுதா?" என்றார் மொய்தீன்.

"இல்ல. மாட்டு வண்டிக்குப் பின்னால வந்தேன்."

மொய்தீன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார். நூஹு லாரிச் சாவியைத் தராசுத் தட்டில் வைத்தான். தட்டு லேசாக இறங்கியது.

"இனிமே நான் ஓட்டல. வேற ஆளைப் பாருங்க." பஸ்ஸைப் பற்றிச் சொன்னான். அந்த முப்பது பேரைப் பற்றிச் சொன்னான்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல. பிள்ளை உக்காந்திருக்காளான்னு திரும்பிப் பார்த்தேன்."

"எந்தப் பிள்ளை?"

நூஹு சொன்னான். கடைக்குப் பின்னால்தான் வீடு. கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. சொல்லி முடித்ததும் மொய்தீன் தட்டில் கிடந்த சாவியை எடுத்து, மறுபடி அங்கேயே வைத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து அக்கா ருக்கியா கேட்டாள்: "பிள்ளைக்கு என்ன பேரு வச்சே?"

"ஹவ்வா."

அது அவர்கள் தாயாரின் பெயர். ருக்கியா வெகுநேரம் கழித்து, சோறு போட்டிருப்பதாக மட்டும் சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை பொள்ளாச்சிக்காரன் குப்பண்ணன் லாரி ஓட்டினான். மூணாற்றில் சரக்குப் பார்த்து வாங்க நூஹு முதல் நாளே அவனோடு போயிருந்தான். காலையில் இருவரும் திரும்பினார்கள். அந்த வளைவுக்கு முன்பே குப்பண்ணன் ஹாரன் அடித்தான். கீழேயிருந்து பதில் ஹாரன் கேட்டது. இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்தினான். பஸ் ஏறி வந்தது. ஏசுரத்தினம் முதலில் ஸ்டீரிங்கில் இருந்தவனைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நூஹுவைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

செக்போஸ்ட்டுக்கு அப்பால் வெறும் சாலை வந்தது. நூஹு இடப்பக்க சீட்டில் இருந்தான். சைகோனில் அவன் உட்கார்ந்த பக்கம் அதுதான். முன்னால் ஸ்டீரிங் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு வரலாம். திரும்பினான்.

குப்பண்ணன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? என்ர மூஞ்சில ஏதாச்சும் ஒட்டியிருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல" என்றான் நூஹு. "நீ ரோட்டைப் பாரு."