லாலாங் வேர்

இந்தக் காலத்துப் பெண்கள் இடுகாடு வரைக்கும் வந்துவிடுகிறார்கள் என்று காளியப்பன் முணுமுணுத்தார். வந்தது போதாதென்று அதிகாரம் வேறு. அவர் மனைவி பேச்சியம்மாளைக் குழிக்குள் இறக்கியாகிவிட்டது. மண்ணைத் தள்ளவிடாமல் மகள் ராஜம்மா குவியலின்மேல் உட்கார்ந்து, லாலாங் புல்லின் வெள்ளை வேர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பொணத்தக் காக்க வச்சிட்டு என்ன களையெடுப்பு?”

“அம்மா கேட்டுக்கிச்சுப்பா. ஒரு வேரு இருக்கக் கூடாதுன்னுச்சு.”

பொந்தியான் சாலையோர ரப்பர்த் தோட்டம் அது. இடுகாடு முழுக்க லாலாங். புதைத்த மேட்டில் தூவும் நவதானியம் முளைத்தால் போனவர் மனம் ஆறிவிட்டது என்பார்கள்; அங்கே அது முளைத்ததே இல்லை. மூத்த மகன் தங்கராஜு காய்ச்சலில் போனபோதும் முளைக்கவில்லை. பெற்றவள் சரியாகப் பார்க்கவில்லை, அதனால்தான் பையன் மனம் ஆறவில்லை என்று லயத்து வீடுகளில் பேசினார்கள். காலமெல்லாம் ரப்பர் கன்றுகளுக்கிடையே புல் வெட்டியவள் பேச்சியம்மாள். அவள் ஒப்பவில்லை.

“எம்புள்ள மேல ஒரு கொறையும் இல்ல. இந்தப் புல்லு வேருல வெசத்தக் கக்குது. பக்கத்துல ஒண்ணையும் வாழ விடாது. அண்டையில நிக்கிற ரப்பர் கண்ணு மஞ்சளாப் போறத நீங்க பாக்கல?”

காட்டவும் செய்தாள். இரண்டு கொட்டாங்குச்சியில் பயறு போட்டு, ஒன்றுக்கு லாலாங் வேர் ஊறிய தண்ணீர், மற்றதுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினாள். வேர்த் தண்ணீர் குடித்த பயறு தலையெடுக்கவே இல்லை.

“அதுக்குக் கொறச்சு ஊத்தியிருப்ப” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்தான் காளியப்பன்.

கருமாதியன்று லயமே திரண்டு வந்தது. முன்னால் போனவர்கள் சட்டென்று நின்றார்கள். சுற்றிலும் மொட்டை மேடுகள். நடுவில் பேச்சியம்மாளின் மேடு மட்டும் பச்சைப் பசேலென்று, நெல்லும் எள்ளும் பயறும் முண்டியடித்துக்கொண்டு நின்றது.

“அம்மா செயிச்சிருச்சு! எங்கண்ணன் மனசு ஆறாமப் போவல, பாருங்க!” ராஜம்மா குலவை போட்டாள். இடுகாட்டில் குலவையா என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு வாய் கூசாமல் பேசிய பெண்களே சேர்ந்து போட்டார்கள். பறையடிக்கும் சின்னத்தம்பி, யாரும் சொல்லாமலே வெளுத்து வாங்கினான்.

எல்லாரும் காளியப்பனைப் பார்த்தார்கள்.

“மழ நல்லாப் பெஞ்சுது. அதான்.”

“ஏண்ணே, மழ ஒங்க பொண்டாட்டி மேல மட்டுந்தான் பெஞ்சுதா?” என்றான் சின்னத்தம்பி.

சிரிப்பு அடங்கியதும் காளியப்பன் சொன்னார்.

“அவ கேட்டா பெய்யும்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். புல்லாம், வெசமாம். வழியில் தங்கராஜுவின் மேட்டடியில், அன்று ராஜம்மா பொறுக்கிப் போட்ட வேர்க்குவியல் கிடந்தது.

“கொட்ட வேற எடமில்லையாக்கும்.”

குனிந்து இரண்டு கையாலும் அதை அள்ளினார். உதிர்ந்து விழுந்த ஒரு துண்டையும் தேடியெடுத்துக்கொண்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடந்தார்.