விபத்தே நடக்காத மலை

மலையில் மோதவிருந்த விமானம், பாறைக்கு ஒரு முழம் இருக்கும்போது மேகத்துக்குள் அப்படியே நின்றது. நின்றது நின்றதுதான், ஒரு தலைமுறை ஆகிவிட்டது. உச்சியில் இருந்த சிவப்பு விளக்கு அன்றைக்கு எரியவில்லை. புது பல்பு கேட்ட கடிதம் மேஜை மேஜையாக விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலையில் இருந்தவளுக்குத் துணை விமானி கூடப்பிறந்த தம்பி. திரையில் புள்ளி மலையை நோக்கிப் போவதைப் பார்த்ததும் சட்டதிட்டமெல்லாம் மறந்து, "டேய், நில்லுடா" என்று மைக்கில் கத்திவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அக்கா பேச்சைத் தட்டாதவன். நின்றான்.

விமானத் துறைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விழாத விமானம் விபத்துக் கணக்கில் வராதே! மேலதிகாரிக்குப் பாதுகாப்பு விருது, மாலை, பதவி உயர்வு. விளக்கையாவது போடுங்கள், பாறையைக் கொஞ்சம் செதுக்கி வழி விடுங்கள் என்று அவள் போய்க் கேட்காத அறை இல்லை. "விபத்தே நடக்காத மலைக்கு எதுக்கும்மா விளக்கு?" என்றார் மேலதிகாரி. விமானத்துக்குப் பின்னால் நகரத் தெரியாது. மலைக்கு நகர மனசில்லை. துறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தினமும் சாயங்காலம் தம்பி பேசுவான். அவளுக்குத் தலை நரைத்தது, மூட்டு வலித்தது, காது மந்தமானது. அவன் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, கால் மரத்துப்போச்சு. போகட்டுமா?"

"வாயை மூடிக்கிட்டு நில்லு."

திட்டிவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொள்வாள்.

அவள் ஓய்வு பெற்ற மறுநாள், அந்த நாற்காலியில் உட்கார்ந்த புது அதிகாரி, பழைய பாக்கியை முடித்துப் பெயர் வாங்க நினைத்து, "முன்னேறலாம்" என்று கம்பீரமாக அனுமதி கொடுத்தார். "எங்க அக்கா சொல்லட்டும் சார்" என்றான் தம்பி. பயணிகளும் அதையே சொன்னார்கள். வேறு வழியில்லாமல் மைக் அவள் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. கரண்ட் பில் அவள் தலையில்.

நெஞ்சுவலி வந்தபோது அவளுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. தான் போய்விட்டால் அவனை நில் என்று சொல்ல ஆளில்லையே என்பதுதான் கவலை. அதை அவனிடமே சொல்லி அழுதாள்.

"அப்ப நீ இங்கயே வந்துடேன்க்கா. எனக்குப் பின்னால ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு."

இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, மொட்டை மாடியிலிருந்து நேராக மேலே போனாள். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கொடியைக் கொஞ்சம் தாழ்த்தி வழிவிட்டார். அனுமதியில்லாமல் விமானம் ஏறியதற்கு விளக்கம் கேட்டு, துறை அவள் கதவில் நோட்டீஸ் ஒட்டியது.

இப்போதெல்லாம் புது அதிகாரி கோபுரத்திலிருந்து வேறு மைக்கில் கூப்பிட்டால் தம்பி பேசுவதில்லை. அவன் மைக்கைப் பிடுங்கி அவளே பேசுகிறாள்.

"நாங்க நிக்கறோம். நீங்க பல்பு வாங்கற வழியைப் பாருங்க."